பண்டிகையைச் சுமந்து வருபவருக்கு ஒரு நாள் ஓய்வு



தீபாவளிக்கு முந்தின இரண்டு வாரங்களில் நம் வீடுகளில் அழைப்பு மணி ஓய்வதே இல்லை. மகளுக்குப் பட்டுப்பாவாடை ஒரு பெட்டியில், மாப்பிள்ளைக்குக் கைக்கடிகாரம் ஒரு பெட்டியில், சமையலறைக்குக் குக்கர் ஒரு பெட்டியில் என்று எல்லாம் வாசலுக்கே வந்து சேருகின்றன. கதவைத் திறக்கிறோம், செல்போனில் வந்த எண்ணைச் சொல்கிறோம், பெட்டியை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்துகிறோம். எல்லாம் அரை நிமிட வேலை. எதிரே நின்றவர் யார், எந்த ஊர், வீட்டுக்குப் போய் எத்தனை நாளாயிற்று என்று கேட்க நமக்கு நேரமில்லை. நின்று பதில் சொல்ல அவருக்கும் நேரமில்லை.

பெங்களூரில் குடியிருக்கும் நம்மவர்கள் அடுத்த முறை ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். "கேஜிஎஃப் சார்" என்று தமிழிலேயே பதில் வந்தாலும் வரும். கோலார் தங்கவயலின் பிள்ளைகள் இன்று இந்த நகரத்தின் எத்தனையோ வீடுகளுக்குப் பார்சல் சுமக்கிறார்கள். நானும் அந்த மண்ணில் பிறந்தவன் என்பதால், அவர்களுடைய வேலையைப் பற்றியும் விடுமுறையைப் பற்றியும் எனக்குத் தெரிந்ததை நம் சங்கத்து அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

எலும்புக்கூடு என்று ஒரு ஊரா?

எனக்குச் சொந்த ஊர் ஸ்கெலட்டன். பெயரைக் கேட்டதும் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். "எலும்புக்கூடு என்று ஒரு ஊரா?" என்பார்கள். தங்கவயல்காரர்களுக்கு அதில் வியப்பு ஒன்றும் இல்லை. சாம்பியன், ஊர்காம், கோரமண்டல், மாரிக்குப்பம், ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை என்று வெள்ளைக்காரன் வைத்த பெயரும் நம் பெயரும் கலந்து கிடக்கும் ஊர் அது. 1880-ஆம் ஆண்டு ஜான் டெய்லர் கம்பெனி அங்கே கால் வைத்தது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் நம் முன்னோர்கள் மூட்டை முடிச்சுகளோடு போய்ச் சேர்ந்தார்கள். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து காவிரியின் மின்சாரம் வந்தது. பெங்களூர் நகரம் மின்விளக்கைக் காண்பதற்கு முன்பே தங்கவயல் சுரங்கங்கள் மின்சாரத்தில் ஓடின. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கம் எடுத்த ஊர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் பூமிக்குள் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போனது.

அத்தனையும் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு நின்றது. பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. சங்கு ஊதுவது நின்றது. சயனைடு மலைகள் மட்டும் நின்றன. அன்றிலிருந்து தங்கவயலின் பிழைப்பு ரயிலில்தான். மாரிக்குப்பத்தில் புறப்படும் வண்டியில் விடியுமுன் ஏறி, பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூர் போய், இரவு திரும்பி வருகிறவர்கள் ஆயிரக்கணக்கில். காவலாளி வேலை, கட்டட வேலை, கடை வேலை என்று போன தலைமுறை போயிற்று. இந்தத் தலைமுறை பார்சல் வண்டி ஓட்டுகிறது.

சங்கு ஊதிய காலம்

என் தகப்பனார் சுரங்கத்தில் கீழே இறங்கி வேலை பார்த்தவர். அந்த வேலையைப் புகழ்ந்து பேச எனக்கு மனம் வராது. பாறை வெடித்துச் செத்தவர்கள் எத்தனை பேர்! பாறைத் தூசி நுரையீரலில் படிந்து, ஐம்பது வயதுக்குள் மூச்சிரைத்துப் போனவர்கள் எத்தனை பேர்! லைனுக்கு லைன் அப்படி ஒரு வீடாவது உண்டு.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஷிப்டு முடிந்தால் வேலை முடிந்தது. 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டப்படி பூமிக்கடியில் ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. வாரத்தில் ஆறு நாளுக்கு மேல் ஒருவரையும் வேலைக்கு அனுப்பக் கூடாது. பின்னால் வந்த திருத்தத்தின்படி, கீழே இறங்குகிறவருக்கு 15 நாள் வேலைக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்தோடு வருடாந்திர விடுப்பு. பொங்கல், கிறிஸ்துமஸ், அம்பேத்கர் பிறந்த நாள் என்றால் தங்கவயலே ஒன்றாகக் கூடிவிடும். அப்பா வீட்டில் இருக்கும் நாள் எது என்று பிள்ளைகளுக்குத் தெரியும்.

இதெல்லாம் யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்த பிச்சை அல்ல. பம்பாயில் நாராயண் மேகாஜி லோகாண்டே பல வருடம் போராடிய பிறகுதான், 1890 ஜூன் 10 முதல் ஆலைத் தொழிலாளர்களுக்கு ஞாயிறு விடுமுறை கிடைத்தது. சம்பளத்தோடு விடுமுறை என்பது பிரிட்டிஷ் இந்தியாவின் தொழிற்சாலைச் சட்டத்தில் ஏறியது 1945-இல். வாரத்துக்கு 54 மணி நேர வேலை 48 மணியாகக் குறைந்தது 1946-இல். அந்த வருடங்களில் வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையைப் பார்த்தவர் டாக்டர் அம்பேத்கர்.

தங்கவயலிலும் சும்மா இருக்கவில்லை. 1930-இல் தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்ய நிர்வாகம் முனைந்தபோது, "நாங்கள் என்ன குற்றவாளிகளா?" என்று ஆயிரக்கணக்கானவர்கள் வேலையை நிறுத்தினார்கள். 1946 நவம்பரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர்கள் உயிரை விட்டார்கள். இன்று ஸ்கெலட்டனில் அந்தத் தொழிலாளர்களின் கொள்ளுப் பேரன், காலையில் தன் முகத்தைச் செல்போனில் படம் பிடித்துக் காட்டினால்தான் அன்றைய வேலை திறக்கிறது. அதை ஏனென்று கேட்க அவனுக்குச் சங்கமும் இல்லை, நேரமும் இல்லை.

ஒரு பார்சல் வண்டிக்காரனின் நாள்

என் தங்கை மகன் ஸ்கெலட்டன்காரன். ஒரு ஒப்பந்தக்காரரிடம் 'குட்டி யானை' வண்டி ஓட்டுகிறான். வண்டியும் கிடங்கும் ஒசகோட்டைப் பக்கம். தினமும் ஊருக்கு வந்து போனால் தூங்க நேரமிருக்காது என்று கே.ஆர்.புரத்தில் நான்கு பேரோடு ஓர் அறையில் தங்கியிருக்கிறான். காலை ஆறு மணிக்குக் கிடங்கில் வரிசை. பார்சல்களைப் பிரித்து, தெரு வாரியாக அடுக்கி, வண்டி கிளம்ப எட்டரை ஆகிவிடும். இந்த இரண்டரை மணி நேரத்துக்குத் தனியாகக் காசு கிடையாது.

சாதாரண நாளில் எழுபது எண்பது பார்சல். பண்டிகைக் காலத்தில் நூறைத் தாண்டும். லிஃப்ட் பழுதான அடுக்கு மாடி, உள்ளே விடாத காவலாளி, "வீட்டில் இல்லை, அப்புறம் வா" என்கிற வாடிக்கையாளர், வண்டி நிறுத்த இடமில்லாத சந்து, நின்ற இடத்தில் அபராதம் எழுதும் போலீஸ் என்று எல்லாம் அந்த நாளுக்குள் அடக்கம். மத்தியானச் சோறு மூன்று மணிக்கு மேல், ஸ்டியரிங்கின் மேல் பொட்டலத்தை வைத்து. சிறுநீர் கழிக்க இடம் கிடைக்காது என்பதால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறான். கிடங்குக்குத் திரும்பி, சேராத பார்சல்களை ஒப்படைத்து, கணக்கு முடிக்கும்போது இரவு ஒன்பதரை.

லீவு? "மாமா, லீவுன்னு ஒண்ணு இல்ல. வராத நாளுக்குக் காசு இல்ல, அவ்ளோதான்" என்கிறான். "அவ்ளோதான்" என்று அவன் சொல்வதோடு அது முடிவதில்லை என்பதைச் சென்ற வருடம் நேரிலேயே பார்த்தேன்.

என் மச்சான் சுரங்கம் மூடும்வரை கீழே இறங்கியவர். பிறகு பெங்களூரில் இரவுக் காவலாளியாக இருந்தார். கடைசியில் நெஞ்சுத் தூசிதான் கொண்டுபோயிற்று. அவருடைய தலைத்திவசம் தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு வந்தது. ஒரே மகன், அவன்தான் செய்ய வேண்டும். பதினைந்து நாள் முன்பே சொல்லியும், "இந்த மாதத்தில் யாருக்கும் லீவு இல்லை" என்றார்கள். முதல் நாள் இரவு கடைசி ரயிலில் வந்தான். காலையில் காரியத்தை முடித்தான். சாப்பிட்ட இலை காயும் முன்னே கிளம்பிவிட்டான். மறுநாள் கிடங்கில் அவனுடைய தெருக்கள் வேறொருவருக்குப் போயிருந்தன. மூன்று நாள் வண்டி கொடுக்காமல் உட்கார வைத்தார்கள். அப்பனுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டதற்கு நான்கு நாள் வருமானம் அபராதம்!

என் தங்கை அதிகம் பேசாதவள். அன்றைக்கு ஒன்றே ஒன்று சொன்னாள். "அவங்கப்பா பாதாளத்துல வேலை செஞ்சாரு, ஆனா பண்டிகைக்கு மேலே வந்தாரு. இவன் மேலேயே இருக்கான். வீட்டுக்கு வர முடியல."

சட்டம் என்ன சொல்கிறது?

நான் ஒரு பொதுத்துறை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கர்நாடகத்தில் 1963-ஆம் ஆண்டின் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் இருக்கிறது. குடியரசு நாள், மே தினம், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1 ராஜ்யோத்சவம் ஆகிய ஐந்தோடு இன்னும் ஐந்து பண்டிகைகள், ஆக வருடத்துக்குப் பத்து நாள் சம்பளத்தோடு விடுமுறை. பணியில் இருந்த காலம் முழுவதும் அந்தப் பத்து நாளையும் அனுபவித்தவன் நான். அது சட்டத்தின் கொடை என்று அப்போது நினைத்துப் பார்த்ததுகூட இல்லை.

வண்டி ஓட்டுநர்களுக்கும் சட்டம் இல்லாமல் இல்லை. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-இலேயே வந்தது. நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி, வாரம் ஒரு நாள் ஓய்வு, 20 நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பள விடுப்பு என்று அதில் இருந்தது. அதுவும் சுரங்கச் சட்டமும் 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டத்துக்குள் அடங்கிவிட்டன. எட்டு மணி நேரமும் வார ஓய்வும் அதிலும் உண்டு. வருடாந்திர விடுப்புக்குத் தகுதி பெற 180 நாள் வேலை செய்திருந்தால் போதும். வேலைக்கு எடுக்கும் ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது.

பிறகு எங்கே கோளாறு? 'தொழிலாளி' என்ற ஒரு சொல்லில்தான் கோளாறு. ஒப்பந்தக்காரரிடம் ஓட்டுகிறவருக்குக் கையில் ஒரு காகிதமும் இல்லை. ஆகவே தொழிலாளி என்று நிரூபிக்க வழியில்லை. ஆப் வழியாக ஓட்டுகிறவரையோ 'பார்ட்னர்' என்கிறார்கள். பங்காளி என்றால் லாபத்தில் பங்கு வேண்டாமா? டீசல் இவர் பணம், டயர் இவர் பணம், விபத்து நடந்தால் ஆஸ்பத்திரிச் செலவும் இவர் பணம். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்பது இந்த உழவுக்கும் பொருந்துகிறது.

ஆப் தொழிலாளர்களுக்காக ராஜஸ்தான் 2023-இல் நாட்டிலேயே முதலாவதாக ஒரு சட்டம் செய்தது. அதே ஆண்டு தமிழ்நாடு ஒரு நல வாரியம் அமைத்தது. கர்நாடகத்தின் சட்டம் 2025 செப்டம்பரில் அரசிதழில் வெளியானது. ஒவ்வொரு வேலைக்கும் தொழிலாளிக்குக் கொடுக்கும் தொகையில் 1 முதல் 5 சதவீதம்வரை நிறுவனம் நல நிதிக்குக் கட்ட வேண்டும். அதைத் தொழிலாளியிடம் பிடிக்கக் கூடாது. தகுந்த காரணமும் 14 நாள் முன்னறிவிப்பும் இல்லாமல் ஒருவரை நீக்கக் கூடாது. வேலை எப்படிப் பகிரப்படுகிறது என்பதைக் கேட்டால் சொல்ல வேண்டும். இவையெல்லாம் நல்ல தொடக்கம்தான். ஆனால் வாரம் ஒரு நாள் சம்பளத்தோடு ஓய்வு, பண்டிகைக்கு ஒரு நாள் விடுப்பு என்ற பழைய உரிமை அதில் இல்லை. சுரங்கத்து வாசல்வரை வந்த உரிமை, பார்சல் வண்டியின் வாசலில் நிற்கிறது.

உலகம் என்ன செய்தது?

"இது காலத்தின் போக்கு, என்ன செய்ய முடியும்?" என்று சிலர் கேட்கலாம். அமெரிக்காவில் யுபிஎஸ் என்ற பெரிய பார்சல் நிறுவனத்தின் 1,85,000 தொழிலாளர்கள் 1997 ஆகஸ்டில் இரண்டு வாரத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். பகுதி நேர வேலையை முழு நேர வேலையாக்கு என்பது அவர்களுடைய முக்கியக் கோரிக்கை. மக்களில் பெரும்பாலோர் பார்சல் வராவிட்டாலும் பரவாயில்லை என்று தொழிலாளர் பக்கம் நின்றார்கள். பத்தாயிரம் முழு நேர வேலைகளுக்கு நிறுவனம் ஒப்புக்கொண்டது. அதே நிறுவனத்தில் 2023-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில், மார்ட்டின் லூதர் கிங் நினைவு நாள் முதன்முறையாகச் சம்பள விடுமுறையாயிற்று. ஓய்வு நாளில் கட்டாயமாக வேலைக்கு அழைப்பதும் நின்றது.

இங்கிலாந்தில் 2021 பிப்ரவரி 19 அன்று உச்ச நீதிமன்றம், ஊபர் ஓட்டுநர்கள் சொந்தத் தொழில் செய்பவர்கள் அல்ல, தொழிலாளர்களே என்று தீர்ப்பளித்தது. அதன் பலனாகக் குறைந்தபட்சக் கூலியும் சம்பளத்தோடு விடுமுறையும் அவர்களுக்கு உரிமையாயின.

இவற்றை விடவும் என் மனதைத் தொட்டது தென்கொரியா. 2020 ஆகஸ்ட் 14-ஐ 'பார்சல் இல்லாத நாள்' என்று அரசும் பெரிய பார்சல் நிறுவனங்களும் சேர்ந்து அறிவித்தன. அந்த நாட்டில் பார்சல் தொழில் தொடங்கிய 28 ஆண்டுகளில் ஓட்டுநர்கள் எல்லோரும் சேர்ந்து ஓய்வெடுத்த முதல் நாள் அது. எல்லா நிறுவனங்களும் அதில் சேரவில்லை என்பதும் உண்மை. ஆனாலும் மக்கள் தங்கள் பார்சல்களுக்கு இரண்டொரு நாள் காத்திருந்தார்கள். யார் குடியும் முழுகிவிடவில்லை! அந்த ஆண்டு ஓட்டுநர்கள் பலர் அதிக வேலையால் இறந்தது நாட்டையே உலுக்கியது. 2021-இல் வாரத்துக்கு 60 மணிக்கு மேல் வேலை கூடாது, கிடங்கில் பார்சல் பிரிக்கும் வேலை ஓட்டுநருடையது அல்ல என்று ஓர் உடன்பாடும் ஏற்பட்டது. என் மருமகனின் காலை ஆறு மணி வரிசையை அந்த நாட்டில் நீக்கிவிட்டார்கள் என்றுதானே பொருள்?

நாம் செய்யக் கூடியவை

அன்பர்களே, நம் சங்கத்துக் குடும்பங்களில் பார்சல் வாங்குபவர்களும் உண்டு; பார்சல் வண்டி ஓட்டும் பிள்ளைகளைப் பெற்றவர்களும் உண்டு. ஆகவே இரு சாராருக்கும் சொல்கிறேன்.

முதலில் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு:

1. ஒப்பந்தக்காரரிடம் ஓட்டும் பிள்ளை நியமனக் கடிதம் கேட்கட்டும். கொடுக்காவிட்டால் சம்பளம் வந்த வங்கிப் பதிவு, கிடங்கின் வருகைப் பதிவு, செல்போனில் வரும் உத்தரவுகள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்தட்டும். நாளை தொழிலாளர் அலுவலகத்தில் பேசப் போவது அந்தக் காகிதங்கள்தான்.

2. ஈ-ஷ்ரம் அட்டை இலவசம், எடுத்துக்கொள்ளுங்கள். பிஎஃப், ஈஎஸ்ஐ இல்லாத ஆப் தொழிலாளர்களுக்காக 2023-இல் கர்நாடக அரசு ஒரு காப்பீட்டுத் திட்டம் அறிவித்தது. விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். சேவா சிந்து மையத்தில் விவரம் கேட்டுப் பதிவு செய்யுங்கள். நல வாரியப் பதிவையும் தள்ளிப் போடாதீர்கள்.

3. வண்டி ஓட்டும் நேரத்தில் "சாப்பிட்டியா?" என்று போன் செய்யாதீர்கள். பாசம்தான், ஆனால் பாதையில் கண் இருக்கட்டும்.

பார்சல் வாங்குபவர்களுக்கு:

1. பண்டிகைச் சாமான்களைப் பத்து நாள் முன்பே வாங்கிவிடுங்கள். தீபாவளியன்று காலையில் ஒரு பெட்டி நம் வாசலுக்கு வர வேண்டுமானால், ஒரு பிள்ளை எண்ணெய் தேய்த்துக் குளிக்காமல் வண்டியில் இருக்கிறான் என்று பொருள்.

2. வீட்டில் இருக்கும் நேரத்தைச் சரியாகக் குறிப்பிடுங்கள். ஒரு பார்சல் திரும்பினால் அவனுக்கு இரண்டு முறை அலைச்சல், ஒரு முறைதான் காசு.

3. ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள். நீங்கள் அடுக்கு மாடிச் சங்கத்தில் இருந்தால், தரைத்தளக் கழிவறையை இவர்களுக்குத் திறந்துவிட ஒரு தீர்மானம் போடுங்கள். செலவு ஒன்றும் இல்லை.

4. பத்து நிமிடம் தாமதமானதற்காகக் குறைந்த நட்சத்திரம் போடாதீர்கள். நாம் விரல் நுனியில் தட்டும் அந்த நட்சத்திரம் அவன் வயிற்றில் போய் விழுகிறது.

ஒரு நாள், ஒரே ஒரு நாள்

கடைசியாக ஒரு யோசனை. கொரியாவில் முடிந்தது கர்நாடகத்தில் ஏன் முடியாது? ஆண்டுக்கு ஒரு நாள், பொங்கலோ சங்கராந்தியோ எந்தப் பெயரில் அழைத்தாலும் தமிழரும் கன்னடியரும் தெலுங்கரும் ஒன்றாகக் கொண்டாடும் அந்த ஜனவரி நாளைப் பார்சல் இல்லாத நாளாக அறிவிக்கும்படி நம் சங்கம் அரசுக்கு எழுதலாம். மற்ற சங்கங்களையும் கன்னட அமைப்புகளையும் கலந்துகொள்ளலாம். அரசு அறிவிக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். அன்றைக்கு எதுவும் வரவழைக்க மாட்டோம் என்று நம் உறுப்பினர் குடும்பங்கள் தாமாகவே முடிவெடுக்கலாம். மருந்தும் அவசரச் சாமானும் நீங்கலாக, மற்றவை ஒரு நாள் பொறுக்கும்.

கூலி இல்லாத விடுமுறை அவர்களுக்கு மேலும் நஷ்டம்தானே என்று நீங்கள் கேட்பது நியாயம். அதனால்தான் அந்த ஒரு நாளுக்கான கூலியை நல நிதியிலிருந்து கொடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். சம்பளம் இல்லாத ஓய்வு ஓய்வல்ல. அதற்குப் பட்டினி என்று வேறு பெயர் உண்டு.

பூமிக்கடியில் 3 கிலோமீட்டர் ஆழத்தில் வேலை செய்த மனிதருக்கும் வாரம் ஒரு நாள் சூரியனைப் பார்க்க உரிமை உண்டு என்று ஒரு காலத்தில் நம்மவர்கள் கேட்டு வாங்கினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று சூரியனுக்குக் கீழேதான் இருக்கிறார்கள். அவர்களுக்கு வீட்டைப் பார்க்க ஒரு நாள் வேண்டும். கேட்போமா? வாசகர்கள் தங்கள் கருத்தைச் சங்கத்துக்கு எழுதுங்கள். அடுத்த பொங்கலுக்கு இன்னும் காலம் இருக்கிறது.